பல்கலைக்கழக ஆய்விதழ்: யாருடைய சொத்து, யாருடைய பணம், யாருடைய முடிவு

ஆய்விதழ் தொடங்கும் கூட்டங்களில் அட்டை எப்படி இருக்க வேண்டும், வெளியீட்டு விழாவுக்கு யாரை அழைக்கலாம் என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். இதழ் யாருடைய சொத்து, செலவுக்குப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும், ஒரு கட்டுரையை நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்ற மூன்று கேள்விகள் மட்டும் எழுதப்படாமலே நிற்கும். கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் பல்கலைக்கழகத் துறையோ கல்லூரியோ நடத்தும் இதழ்களுக்கு அந்த மூன்றையும் எங்கே, எப்படி எழுதி வைப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே இதை எழுதிவிடுங்கள். தகராறு வந்தபின் எழுதும் விதியை, யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியது என்றுதான் எல்லோரும் படிப்பார்கள்.

உரிமையாளர் பெயரை முழுதாக எழுதுங்கள்

"வெளியீடு: பொருளியல் துறை" என்று உள்ளட்டையில் அச்சிடுவது வழக்கம். துறைக்குச் சட்டப்படி தனி இருப்பு கிடையாது. அது தன் பெயரில் ஒப்பந்தம் போடவோ சொத்து வைத்திருக்கவோ முடியாது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் (1971), பாரதியார் பல்கலைக்கழகம் (1982), சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் (1997) ஆகியவை தனித்தனிச் சட்டங்களால் உருவானவை. அங்கே நடக்கும் இதழுக்கு உரிமையாளர் பல்கலைக்கழகம்தான். தனியார் கல்லூரி என்றால் அதை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கம். முதல்வர் உரிமையாளர் அல்ல, துறைத் தலைவரும் அல்ல. ஆகவே முதல் தாள், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானம் அல்லது அறங்காவலர் குழுத் தீர்மானம். துறைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியதை நம்பி முதல் இதழை வெளியிட வேண்டாம்.

இன்னொரு வழி, அறிஞர் சங்கத்தின் பெயரில் நடத்துவது. கோவை வேளாண் வளாகத்திலேயே இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. நூறாண்டைத் தாண்டிய மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல், மெட்ராஸ் வேளாண் மாணவர் சங்கத்தின் பெயரில் வளர்ந்தது. எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் பிளான்ட் பிரீடிங் இதழை இந்தியப் பயிர்ப்பெருக்க வல்லுநர் சங்கம் நடத்துகிறது. நிர்வாகம் மாறினாலும் இதழ் ஆடாது என்பது சங்க முறையின் பலம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பலவீனம் பிறகுதான் தெரியும். ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றதும் அது நின்றுபோகும். செயல்படாத சங்கத்தின் கையில் சிக்கிய இதழை மீட்பது, புதிய இதழ் தொடங்குவதைவிடக் கடினம். சங்க வழியில் போகிறவர்கள், சங்கம் கலைந்தால் இதழின் பெயரும் பழைய இதழ்களும் யாருக்குச் சேரும் என்பதைத் துணை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது வழி, வணிகப் பதிப்பகத்துடன் ஒப்பந்தம். இதில் ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள்: இதழின் பெயர் யாருக்குச் சொந்தம்? லிங்குவா என்ற மொழியியல் இதழின் பதிப்பாசிரியர்கள் 2015-இல் எல்சேவியர் நிறுவனத்துடன் முரண்பட்டு, ஒட்டுமொத்தமாக விலகினார்கள். பெயர் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் அவர்கள் குளோசா என்ற புதுப்பெயரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உலகறிந்த மொழியியலாளர்களுக்கே அந்த நிலை.

ஐஎஸ்எஸ்என் எண் வாங்கியிருப்பதே உரிமைக்குச் சான்று என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு வரி ரசீது எப்படிப் பட்டா ஆகாதோ, அப்படித்தான் இதுவும். அந்த எட்டு இலக்க எண் இதழின் அடையாளம் மட்டுமே. இந்தியாவில் புதுடெல்லியில் உள்ள சிஎஸ்ஐஆர் - நிஸ்பிஆர் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மையம் இதைக் கட்டணமின்றித் தருகிறது. அச்சுக்கு ஓர் எண், இணையத்துக்கு வேறோர் எண். வெளியிடுபவர் மாறினால் எண் மாற வேண்டியதில்லை. இதழின் பெயரைக் கணிசமாக மாற்றினால் புதிய எண் வாங்க வேண்டும். பெயருக்கு உண்மையான பாதுகாப்பு வேண்டுமானால் வணிகக்குறிப் பதிவுதான் வழி. அச்சுப் பொருளுக்கு 16-ஆம் வகுப்பு, பதிப்புச் சேவைக்கு 41-ஆம் வகுப்பு. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பிக்கலாம். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும், பேராசிரியரின் பெயர் கூடாது.

டொமைனும் பாஸ்வேர்டும்

நடைமுறையில் இதழ் கைவிட்டுப் போவது சட்டத்தால் அல்ல, டொமைனால், அதாவது இதழின் இணைய முகவரிப் பெயரால். ஆர்வமுள்ள இளம் பேராசிரியர் ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில், தன் கார்டில் பணம் கட்டி டொமைன் வாங்குவார். மூன்றாண்டு கழித்து வேறு ஊருக்கு வேலை மாறிப் போவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவருடைய பழைய பெட்டியில் கிடக்கும். காலாவதியான டொமைனைத் தரகர் ஒருவர் வாங்கி, அதே இதழ்ப் பெயரில் பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போட ஆரம்பித்தால், அந்தப் பழி பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழும்.

இதைத் தவிர்க்க, பல்கலைக்கழகத்தின் ஏசி.இன் (ac.in) இணைய முகவரிக்குள்ளேயே ஒரு கிளை முகவரி கேளுங்கள். தனி டொமைன்தான் வேண்டும் என்றால் பதிவு செய்பவர் பெயர் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகமாக இருக்கட்டும். தொடர்பு மின்னஞ்சல் பதவியின் பெயரில், குறைந்தது இருவர் பார்க்கும்படி இருக்கட்டும். ஒரே தவணையில் ஐந்தாண்டுக்கோ அதற்கு மேலோ பணம் கட்டிவிடுங்கள்.

கட்டுரைகளை வாங்கி, பெயர் மறைத்த வெளி நிபுணர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்ப ஓஜேஎஸ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவில் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் என்ற திட்டத்தின் தயாரிப்பு இது. 2001 முதல் வழக்கில் இருக்கிறது. இதில் அட்மினிஸ்ட்ரேட்டர், ஜர்னல் மேனேஜர், எடிட்டர் என்று வெவ்வேறு நிலைகள் உண்டு. ஜர்னல் மேனேஜர் உரிமை உள்ளவர் யார் எந்தக் கட்டுரையை மதிப்பிட்டார் என்பதைப் பார்க்க முடியும். மரியாதைக்காகத் துணைவேந்தர் அலுவலகத்துக்கோ மக்கள் தொடர்பு அலுவலருக்கோ அந்த உரிமையைக் கொடுத்து வைத்தால், மதிப்பீட்டாளர் பெயரை மறைத்து என்ன பயன்? சர்வர் பராமரிப்பவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர். முதன்மைப் பதிப்பாசிரியருக்கும் துணைப் பதிப்பாசிரியர் ஒருவருக்கும் மட்டும் மேனேஜர். அதோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணுக்கும் இதே கதைதான். அதைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகி, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு டாலர் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். டாலரில் பணம் அனுப்பும் கோப்பு நிதிப் பிரிவில் மெதுவாக நகரும் என்பதால் யாராவது சொந்தக் கார்டில் கட்டிவிட்டுப் பிறகு பில் வைப்பார்கள். கட்டட்டும், ஆனால் உறுப்பினர் பெயர் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். சந்தா நின்றால் புதிய எண் பதிய முடியாது. தளம் இடம் மாறினால் பழைய எண்களின் இணைப்பை மாற்றவும் வழியிருக்காது.

பதிப்புரிமைப் படிவத்தில் ஒரு ஓட்டை

கட்டுரையாளரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தை வேறு இதழிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவு சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். "பதிப்புரிமையை இதழுக்கு வழங்குகிறேன்" என்ற ஒற்றை வரிப் படிவத்தில் பத்தாண்டுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இதழ், பாதிக் கட்டுரைகளின் உரிமையை ஏற்கெனவே இழந்திருக்கும்.

எங்கள் கருத்தில் பல்கலைக்கழக இதழுக்குப் பதிப்புரிமை மாற்றமே தேவையில்லை. உரிமை கட்டுரையாளரிடமே இருக்கட்டும். முதலில் வெளியிடும் உரிமையையும், யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் வெளியிடும் அனுமதியையும் எழுத்தில் வாங்கினால் போதும். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் உலகப் பட்டியலான டிஓஏஜேயில் சேரவும் இது உதவும்.

பணம்

பல்கலைக்கழகப் பொது நிதியிலிருந்து தனிக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கீடு வாங்குவதுதான் ஆரோக்கியமான வழி. ஆண்டுதோறும் துறைத் தலைவர் தயவில் "இதரச் செலவு" தலைப்பிலிருந்து எடுத்தால், துறைத் தலைவருக்குப் பிடிக்காத கட்டுரை வந்த ஆண்டில் பணம் வராது. மூன்றாண்டு ஒதுக்கீட்டை ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கை பார்க்கும். ஆட்சேபணை வந்தால் பதில் எழுதப் போவது நீங்கள்தான். ஆகவே முன்பணம் எடுத்ததை மார்ச் முடிவதற்குள் பில்லோடு ஒப்படைத்துவிடுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது? ஆண்டுக்கு இரண்டு இதழ், இதழுக்கு 12 கட்டுரை என்று வையுங்கள். கட்டுரைக்குப் பத்துப் பக்கம் என்றால் 240 பக்கம் மொழித்திருத்தமும் வடிவமைப்பும். பக்கத்துக்கு நூறு ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 24,000 ரூபாய் ஆகிறது. இதோடு 24 டிஓஐ பதிவு, சர்வர், கருத்துத்திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் (நூலகம் ஏற்கெனவே வாங்கியிருக்கும், தனியாக வாங்காதீர்கள்), காப்பகத்துக்கும் கட்டுரையாளருக்கும் ஐம்பது அச்சுப் பிரதி. பணத்தில் பெரிய பகுதியை விழுங்குவது அச்சு. ஐந்நூறு பிரதி அடித்து அலமாரியில் அடுக்கி வைக்கும் பழக்கத்தை விட்டாலே மொழித்திருத்தத்துக்குப் பணம் மிஞ்சும். இந்தக் கணக்கில் சொல்லாமல் விடப்படும் செலவு பதிப்பாசிரியரின் நேரம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு நேரம் குறைத்துக் கொடுக்க உத்தரவு வாங்குங்கள். கௌரவத் தொகை தருவதென்றால் ஆண்டுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். ஏற்ற கட்டுரைக்கு இவ்வளவு என்று வைத்தால் நிராகரிக்கும் கை தானாகவே தயங்கும்.

கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்குவது தவறில்லை. எவ்வளவு, எதற்கு, எப்போது என்பதைத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். ஏற்பு முடிவு வந்த பிறகே வாங்க வேண்டும். பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கே போக வேண்டும். தனிநபரின் யுபிஐ எண்ணுக்குக் கட்டணம் வாங்கும் இதழை யாரும் மதிக்க மாட்டார்கள். கட்டணம் கட்டியவர் யார், சலுகை பெற்றவர் யார் என்பது மதிப்பீட்டைக் கவனிப்பவருக்குத் தெரியாதபடி கணக்கு வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். சேவைக் கட்டணம் என்பதால் ஜிஎஸ்டி பற்றி நிதி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கொங்குப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தொழில் நிறுவன ஆதரவு. பஞ்சாலை, பம்ப்செட், பின்னலாடை, கோழிப்பண்ணை, மஞ்சள் என்று இங்கே உதவத் தயாராக இருக்கும் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. பலரும் நமது முன்னாள் மாணவர்கள். நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்து ஆய்வுகளில் பாதி அவர்களுடைய தொழிலைப் பற்றியவை. நொய்யல் மாசுபட்டதையடுத்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த ஆற்றின் உப்புத்தன்மை பற்றிய கட்டுரையை, சாய ஆலை விளம்பரம் தாங்கிய இதழில் படிப்பவர் என்ன நினைப்பார்? நாமக்கல் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு பற்றிய ஆய்வும், தீவன நிறுவனம் செலவேற்ற சிறப்பிதழும் அதே போலத்தான். கட்டுரை சரியாகவே இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

பணத்தை மறுக்க வேண்டியதில்லை. அது பல்கலைக்கழக நிதிக்குப் போகட்டும், குறிப்பிட்ட இதழுக்கோ கட்டுரைக்கோ என்று வேண்டாம். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் தளத்தில் போடுங்கள். விளம்பரம் வாங்குபவர் பதிப்பாசிரியராக இருக்கக் கூடாது; கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் அதே பொருள் பற்றிய விளம்பரம் வரக் கூடாது. சிறப்பிதழுக்கு ஆதரவு என்றால் கட்டுரைத் தேர்வில் ஆதரவாளருக்குப் பங்கில்லை என்ற வரியை ஒப்புதல் கடிதத்திலேயே சேர்த்து, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குபவரின் பணம் தேவையில்லை.

பதிப்பாசிரியரின் அதிகாரம்

துணைவேந்தரே முதன்மைப் பதிப்பாசிரியர், பதிவாளர் பதிப்பாளர், டீன்கள் எல்லோரும் குழு உறுப்பினர் என்று முதல் பக்கம் நிறைவது நம் ஊர் மரியாதை. இதில் இரண்டு கெடுதல். வேலை செய்கிறவர் கையில் அதிகாரம் இல்லை. துணைவேந்தர் பதவி காலியாகி ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் பார்க்கும் மாதங்களில் இதழும் நின்றுவிடும். மரியாதை செய்ய வேண்டுமானால் "புரவலர்" என்று போடுங்கள். புரவலருக்குக் கட்டுரை முடிவில் பங்கில்லை என்று அடுத்த வரியிலேயே சொல்லுங்கள்.

இதழ் சாசனம் என்று இரண்டு பக்கத்தில் ஒரு தாள் எழுதி, சிண்டிகேட் ஒப்புதல் வாங்குங்கள். அதில் வர வேண்டியவை இவை. எந்தக் கட்டுரையை ஏற்பது, மறுப்பது, எப்போது வெளியிடுவது என்பதில் முழு அதிகாரமும் முதன்மைப் பதிப்பாசிரியருக்கு. பதவிக்காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டு, ஒருமுறை மட்டும் நீட்டிக்கலாம். உரிமையாளர் தன் கையில் வைத்துக்கொள்வது வரவு செலவு, பணியமர்த்தல், இதழின் நோக்க எல்லை ஆகியவை மட்டும். நீக்க வேண்டுமானால் எழுத்தில் காரணம், பதில் சொல்ல 30 நாள் அவகாசம், வெளியார் பெரும்பான்மையாக உள்ள மூவர் குழுவின் பரிந்துரை. நிதி முறைகேடு, ஆய்வு நேர்மைக் குற்றம், தொடர்ந்து இதழ் வராமை போன்றவையே நீக்கக் காரணம். கட்டுரையின் கருத்து காரணம் ஆகாது.

சாசனத்தில் கடைசியாகப் பேசப்பட்டு, முதலில் தேவைப்படுவது இந்த நீக்கப் பிரிவுதான். கனடா மருத்துவ சங்கம் நடத்தும் இதழில் 2006 பிப்ரவரியில் முதன்மைப் பதிப்பாசிரியரும் மூத்த துணை ஆசிரியரும் திடீரென நீக்கப்பட்டனர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க வரும் பெண்களிடம் மருந்தாளுநர்கள் கேட்கும் கேள்விகள் பற்றிய செய்தியில் உரிமையாளர் தரப்பு தலையிட்டிருந்தது. குழுவில் இருந்தவர்கள் வரிசையாக விலகினார்கள். அதன்பிறகே ஆய்வுக் குழு அமைத்து நிர்வாக விதிகளைத் திருத்தினார்கள். முன்பே எழுதியிருந்தால் அந்தச் சேதம் இருந்திருக்காது.

வெளிப்படையான உத்தரவு நம் பக்கம் அபூர்வம். வருவது தொலைபேசி. "ஏனுங்க சார், நம்ம பையன் கட்டுரை ஒண்ணு உங்ககிட்ட நிக்குதாமா, கொஞ்சம் பாத்து உடுங்க" என்பார்கள். மறுத்தால் உறவு கெடும், ஒத்துக்கொண்டால் இதழ் கெடும். ஆகவே பதிலை நடைமுறையிடம் விட்டுவிடுங்கள். "எல்லாமே தளத்துலதானுங்க போகுது, வெளியூர் மதிப்பீட்டாளர் ரெண்டு பேரு எழுதிக் கொடுக்கணும், நான் நெனச்சாலும் மாத்த முடியாதுங்க" என்று சொல்ல முடிய வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். இரு மதிப்பீட்டாளரும் வேறு நிறுவனத்தவர் என்ற விதி அதற்குத்தான். வந்த பரிந்துரையைத் தேதியோடு ஒரு பதிவேட்டில் குறிப்பது என்று குழுவே முடிவு செய்துவிட்டால், அடுத்த அழைப்பு குறையும்.

சொந்த வீட்டுக் கட்டுரைகளுக்கும் எல்லை வேண்டும். பதிப்பாசிரியரோ குழு உறுப்பினரோ மதிப்பீட்டாளரோ எழுதிய, அல்லது உடன் எழுதிய ஆய்வுகள் ஓர் இதழில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது டிஓஏஜே. சொந்தத் துறை ஆய்வு மாணவர்களுக்கு இதைவிடக் கடுமையாகவே இருங்கள். பிஎச்டி பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-இல் நீக்கிவிட்டாலும், மாணவர்கள் மீதான நெருக்கடி போகவில்லை. அந்த நெருக்கடி உள்ளூர் இதழின் வாசலில்தான் வந்து நிற்கும். ஏற்கத்தக்க இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டு, இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு நிறுவனங்களிடமே வந்துவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று காட்டித் தப்பிக்க இனி முடியாது. உரிமையும் நடைமுறையும் தளத்தில் தெரிய வேண்டும்.

வெளியில் சொல்ல வேண்டியது

பழைய சட்டக் காலத்தில், பதிவு பெற்ற பத்திரிகைகள் ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்தபின் வரும் இதழில் நான்காம் படிவம் வெளியிடும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் பெயர்கள். 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023, ஆய்விதழ்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. கட்டாயம் போனாலும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஆண்டின் முதல் இதழிலும் தளத்திலும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: உரிமையாளரின் முழுப்பெயர், முகவரி, சென்ற ஆண்டு வரவு எங்கிருந்து, செலவு எதில், பதிப்பாசிரியரை நியமிப்பது யார், காலம் எப்போது முடிகிறது, வந்த கட்டுரை எத்தனை, ஏற்றது எத்தனை, அதில் சொந்த நிறுவனத்தாருடையது எத்தனை.

வக்கீல் நோட்டீஸ் வந்தால்

நோட்டீஸ் உரிமையாளருக்கும் பதிப்பாசிரியருக்கும் சேர்ந்தே வரும். யார் பதில் சொல்வது என்பதைச் சாசனத்திலேயே எழுதுங்கள். மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி (ஈபிடபிள்யூ) இதழின் ஆசிரியர் 2017 ஜூலையில் விலகியது இந்த இடத்தில்தான். பெரிய தொழில் குழுமம் ஒன்று அனுப்பிய நோட்டீசுக்கு, தன் ஒப்புதல் இல்லாமல் ஆசிரியர் வக்கீல் மூலம் பதில் அனுப்பினார் என்பது உரிமையாளரான சமீக்ஷா அறக்கட்டளையின் குறை. வெளியான கட்டுரையைத் தளத்திலிருந்து எடுக்கச் சொன்னது அறக்கட்டளை. விதி முன்பே இருந்தால் இப்படிச் செய்யலாம்: நோட்டீஸ் வந்த அன்றே பதிப்பாசிரியரும் பதிவாளரும் ஒருவருக்கொருவர் நகல் கொடுக்க வேண்டும், பதில் பல்கலைக்கழக வழக்கறிஞர் வழியாக, பதிப்பாசிரியர் பார்த்த பிறகே போக வேண்டும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கட்டுரையை எடுக்கும் அதிகாரம் உரிமையாளருக்கு இல்லை.

கட்டுரை உண்மையிலேயே தவறு என்று தெரிந்தாலும் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். திரும்பப் பெறும் அறிவிப்பைத் தனி டிஓஐ எண்ணோடு, காரணம் சொல்லி, பதிப்பாசிரியர் பெயரில் வெளியிட வேண்டும். மூலக் கட்டுரை "திரும்பப் பெறப்பட்டது" என்ற குறியோடு அதே இடத்தில் இருக்கும். அதை மேற்கோள் காட்டியவர்கள் தேடி வரும்போது, அங்கே வெற்றுப் பக்கம் இருக்கக் கூடாது.

பதிப்பாசிரியர் மாறும் நாளில் கையெழுத்தாகும் ஒப்படைப்புப் பட்டியலில் டொமைன் காலாவதித் தேதி, கிராஸ்ரெஃப் கணக்கு, ஓஜேஎஸ் மேனேஜர் உரிமை, கட்டுரையாளர் அனுமதிப் படிவங்கள், செலவாகாத ஒதுக்கீடு, மதிப்பீட்டில் நிற்கும் கட்டுரைகள் எல்லாம் வர வேண்டும். அதன் பிரதி ஒன்று பதிவாளர் அலுவலகக் கோப்பில் சேரட்டும். பழைய பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டு இன்னும் வெளிவராத கட்டுரைகளைப் புதியவர் மாற்றக் கூடாது என்பதையும் அந்தப் பட்டியலின் அடியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.